பிதோவின் மோர்ட்ஃபோன்டேன் பூங்கா: வெறும் காலண்டர் படமா?

1806-இல் பிரெஞ்சு ஓவியர் ழான் ஜோசப் சேவியர் பிதோ வரைந்த மோர்ட்ஃபோன்டேன் பூங்கா ஓவியத்தைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். நீர்ப்பரப்பு, மரங்கள், தெளிந்த வானம், அளவில் மிகச் சிறிய மனிதர்கள். “பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடை காலண்டரில் வரும் சீனரி மாதிரி இருக்கிறதே, இதில் என்ன பெரிய விஷயம்? அப்புறம், அந்த ஆள் நேரில் போய் வரைந்தாரா, இல்லை கற்பனையா?” இவைதான் அவர் கேட்ட இரண்டு கேள்விகள்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் கிடக்கிறது. இடம் கற்பனை இல்லை. பாரிஸுக்கு வடகிழக்கே, உவாஸ் மாவட்டத்தில் மோர்ட்ஃபோன்டேன் இன்றும் இருக்கிறது. தேவ் என்று ஒரு சின்ன ஆறு அந்தப் பள்ளத்தாக்கின் வழியாக ஓடி உவாஸ் ஆற்றில் சேர்கிறது. படத்தில் பார்க்கும் நீர் அந்தப் பள்ளத்தாக்கின் நீர்தான். ஆனால் அந்த நீர்ப்பரப்பின் வளைவு, மரக்கூட்டம் நிற்கும் இடம், புல்வெளியின் சரிவு எல்லாமே ஆட்களை வைத்து வெட்டியும் கொட்டியும் நட்டும் உண்டாக்கியவை. உண்டாக்கியவர்கள் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது வேறொரு இடத்தை அல்ல, ஓவியங்களை. ஓவியத்தைப் பார்த்துச் செய்த ஒரு பூங்காவை ஓவியர் ஒருவர் திரும்ப ஓவியமாக்கினார். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தோட்டம் என்றால் வெர்சாய் அரண்மனைத் தோட்டம் மாதிரிதான்: நூல் பிடித்தது போன்ற சாலைகள், கத்தரித்த வேலிகள், வட்டமும் சதுரமுமான நீர்த்தொட்டிகள். ஆந்த்ரே லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞர் அந்தப் பாணியை உச்சத்துக்குக் கொண்டுபோனார். மாளிகையின் மாடியில் நின்று பார்க்கும் அரசனின் கண்ணுக்காகப் போட்ட தோட்டங்கள் அவை. 1760, 70களில் பிரான்சின் பணக்காரர்களுக்கு இது சலித்துவிட்டது. இங்கிலாந்தில் இருந்து புதிய பாணி ஒன்று வந்தது. மரத்தைக் கத்தரிக்காதே, பாதையை வளைத்து விடு, குளத்தின் கரையை நேராகக் கட்டாதே, மனிதக் கை பட்டதே தெரியக் கூடாது என்றது அது. மனிதக் கை தெரியாமல் இருக்கத்தான் அதிகமான கைகள் தேவைப்பட்டன. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்க வேண்டும், ஓடையை மறித்து மட்டத்தை உயர்த்த வேண்டும், தோண்டிய மண்ணைக் குன்றாகக் குவிக்க வேண்டும், இருபது வருடம் கழித்து எந்த மரம் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போட்டு நட வேண்டும்.

மோர்ட்ஃபோன்டேனுக்கு மிக அருகிலேயே எர்மெனோன்வில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் மார்க்கி ரெனே தெ ஜிரார்டான், இந்தப் புதிய பாணியின் பிரெஞ்சுப் பிரசாரகர். நிலக்காட்சியை அமைப்பது பற்றி 1777-இல் ஒரு நூலே எழுதினார். கட்டடக்காரனாகவும் தோட்டக்காரனாகவும் யோசிக்காதே, கவிஞனாகவும் ஓவியனாகவும் யோசி என்பதுதான் அதன் சாரம். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஓர் ஓவியரை வைத்து, வரப்போகும் காட்சியை வரைந்து பார்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். தத்துவ அறிஞர் ஜான் ஜாக் ரூசோ கடைசியாகத் தங்கியதும் இந்த எர்மெனோன்வில்லில்தான். 1778 மே மாதம் வந்தார், ஜூலை 2 அன்று இறந்தார். பூங்காவின் ஏரி நடுவே நெட்டிலிங்கம் போல உயர்ந்து நிற்கும் பாப்லார் மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு தீவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையை வடிவமைத்தவர் ஊபேர் ரொபேர், அவரும் ஓவியர்தான். 1794-இல் ரூசோவின் எலும்புகள் பாரிஸில் பெரியோர்களின் நினைவிடமான பாந்தியோனுக்குப் போய்விட்டன. கல்லறை அங்கேயே நிற்கிறது, ஜனங்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள்.

மோர்ட்ஃபோன்டேன் இந்த அலையின் இன்னொரு துண்டு. அதை ஆங்கில பாணிப் பூங்காவாக்கியவர் லூயி லெ பெலெத்தியே. 1784 முதல் 1789 வரை பாரிஸ் நகரத்தின் தலைமை நிர்வாகி. அவர் பதவியை விட்டு இறங்கியது நல்ல நேரத்தில். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஃப்ளெசெலை, பாஸ்டில் கோட்டை விழுந்து பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அன்று, 1789 ஜூலை 14-இல், கூட்டம் சுட்டுக் கொன்றது. பூங்கா பிறகு துய்ரூவே என்ற செல்வந்தர் கைக்கு மாறியது. 1794-இல் அவர் தலை கில்லட்டினில் போனது. 1798-இல் அதை வாங்கியவர் ஜோசப் போனபார்ட், நெப்போலியனின் அண்ணன்.

அந்தப் பசும்புல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. படத்தின் தேதி 1806. பூங்காவின் முந்தைய சொந்தக்காரர் தலை வெட்டப்பட்டுப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. அந்தக் காலத்தின் பார்வையாளர் பலருக்கும் இது தெரிந்த கதை. அவர்கள் கண்ணுக்கு இந்த அமைதி சும்மா கிடைத்த அமைதியாகத் தெரிந்திருக்காது.

ஜோசப் இந்த இடத்தை வெறும் ஓய்வு வீடாக வைத்திருக்கவில்லை. சுற்றியிருந்த நிலங்களை வாங்கிப் பூங்காவைப் பெரிதாக்கினார். 1800 ஜனவரியில் தங்கை கரோலினுக்கும் படைத்தளபதி முராவுக்கும் கல்யாணம் இங்கே நடந்தது. அதே வருடம் செப்டம்பர் 30 தேதியிட்ட உடன்படிக்கை ஒன்று இங்கே கையெழுத்தானது. பிரான்சும் அமெரிக்காவும் இரண்டு வருடமாகப் போர் அறிவிக்காமலே கடலில் ஒன்றின் கப்பலை மற்றொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சண்டையை முடித்த ஒப்பந்தம் அது. அமெரிக்கத் தூதர்களைக் கௌரவிக்க அக்டோபர் தொடக்கத்தில் விருந்தும் வாணவேடிக்கையும் நடந்தன, நெப்போலியனும் வந்திருந்தார். இரு நாட்டுக்கும் இடையே உள்ள 1800-ஆம் வருட ஒப்பந்தத்தை வரலாற்று நூல்களில் மோர்ட்ஃபோன்டேன் ஒப்பந்தம் என்று குறிப்பிடுவதன் காரணம் இந்தப் பூங்காதான். அப்புறம் 1806 மார்ச்சில் தம்பி அண்ணனை நேப்பிள்ஸின் ராஜாவாக்கினார். ஆக, படம் வரையப்பட்ட அந்த வருடத்தில் பூங்காவின் எஜமானர் இத்தாலியில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, இப்போது ஓவியத்துக்கு வருவோம். காலண்டர் படம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதன் அமைப்பிலிருந்துதான். பக்கவாட்டில் இருண்ட, உயரமான மரங்கள், நடுவில் வெளிச்சமான நீர், நீருக்கு அப்பால் வரிசை வரிசையாக வெளிறிப் போகும் தூரம். கண் முன்னால் இருக்கும் நிலத்தில் கால் வைத்து, மரத்தின் பக்கமாக உள்ளே நுழைந்து, நீரின் மேல் வழுக்கிக்கொண்டு தொடுவானத்துக்குப் போகிறது. நாடக மேடையில் பக்கத் திரைகள் செய்யும் வேலையை இங்கே மரங்கள் செய்கின்றன. இந்த அமைப்பைக் கிட்டத்தட்ட இலக்கணமாக்கியவர் ரோமில் வாழ்ந்த க்ளோத் லொரேன், பிதோவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தையவர், 1682-இல் இறந்தவர். ஆங்கிலேயப் பிரபுக்கள் இத்தாலிப் பயணத்தில் அவர் படங்களை வாங்கிவந்து சுவரில் மாட்டினார்கள். மாட்டியது போதாமல், வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தையே அந்தப் படம் மாதிரி வெட்டத் தொடங்கினார்கள். அதுதான் ஆங்கிலத் தோட்டம், அதுதான் ஜிரார்டானுக்கு வந்தது, அதுதான் மோர்ட்ஃபோன்டேனுக்கு வந்தது.

அதனால் பிதோ அந்தப் பூங்காவில் போய் நின்றபோது அமைப்பைத் தேடி அலையத் தேவையில்லை. தோட்டம் போட்டவர்கள் அவருக்காக மரங்களை ஏற்கெனவே ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அச்சுத் தொழில் பெருகிய பிறகு இதே சூத்திரம் வண்ணப் படங்கள், தபால் அட்டைகள், ஃபோட்டோ ஸ்டூடியோக்களின் பின்திரைகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. நண்பருக்குக் காலண்டர் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. காலண்டர்க்காரர்கள் எடுத்துக்கொண்ட சூத்திரத்தின் மூலப்பிரதிகளில் ஒன்றைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

ஆனால் காலண்டர் எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்று உண்டு. அது காற்று. பிதோவின் படத்தைப் பெரிதாக்கி, முன்னால் இருக்கும் பச்சையிலிருந்து தூரத்துப் பச்சை வரை மெதுவாகக் கண்ணை நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நிறம் ஒரு படி நீலமாகவும் ஒரு படி வெளிறியும் போகும். இன்றைய ஓவியர் கடையில் வாங்கும் பச்சை ட்யூப்களில் பல அன்று கிடையாது. விரிடியன் என்ற தெளிந்த பச்சை சந்தைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. வண்ணத்தை அடைக்கும் உலோக ட்யூபே 1841-இல்தான் வந்தது, அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். ஆகவே அந்தக் காலத்து நிலக்காட்சியில் பச்சை என்பது பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து செய்தது, முக்கியமாகப் பிரஷ்யன் நீலமும் காவி மஞ்சளும். தூரம் போகப் போக மஞ்சளைக் குறைத்து வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரு படி தவறினாலும் தூரத்து மரம் முன்னால் வந்து நிற்கும். இந்தக் கணக்கில் பிதோவை மிஞ்சியவர்கள் அவர் தலைமுறையில் குறைவு.

இலைகளையும் பாருங்கள். பச்சைக் குழம்பாக அப்பிவிட்டுப் போகும் பழக்கம் அந்தத் தலைமுறையிடம் இல்லை. இன்ன மரம் என்று சொல்லும்படி கிளையும் இலைக்கொத்தும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் படிப்பின் பாகம். இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: 1817-இல் முதல் முறை வழங்கப்பட்ட, ரோமில் படிக்க அனுப்பும் நிலக்காட்சிப் பரிசுக்கான போட்டியில், மரம் வரைவது தனி ஒரு சுற்று. ஒரு மர வகையின் பெயரைச் சொல்வார்கள். கண் முன்னால் மாதிரி எதுவும் இல்லாமல், நினைவிலிருந்து அதை வரைய வேண்டும். தேறியவர்கள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். இன்று கலைக் கல்லூரிகளில் இப்படி ஒரு தேர்வு வைத்தால் எத்தனை பேர் வேம்புக்கும் புங்கனுக்கும் வித்தியாசம் காட்டுவார்கள் என்று தெரியவில்லை.

இனி நேரில் வரைந்தாரா என்பது. அந்தக் காலத்து நடைமுறை இரண்டு கட்டமாக இருந்தது. வெளியே போய்ச் சிறிய அளவில், பெரும்பாலும் காகிதத்தின் மேல் எண்ணெய் வண்ணத்தில், வேகமாக வரைவது முதல் கட்டம். அதற்கு விதி வகுத்தவர் பியேர் ஆன்ரி தெ வாலான்சியென் என்ற ஓவியர். 1800 வாக்கில் வெளியான அவருடைய பாடநூலில், வெளியே வரையும் பயிற்சி ஓவியத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான், சூரிய உதயம் அல்லது மறைவு என்றால் அரை மணி நேரம்தான் என்கிறார். காரணம் எளியது. அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய மரத்தைப் பன்னிரண்டு மணிக்கு முடித்தால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் இருக்கும். இந்தப் பயிற்சி ஓவியங்களை யாரும் கண்காட்சிக்கு அனுப்ப மாட்டார்கள். அவை ஓவியரின் சொந்தச் சேமிப்பு, ஸ்டூடியோவில் பெட்டிக்குள் கிடக்கும். இரண்டாம் கட்டத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, பெரிய கித்தானில், மெல்லிய அடுக்குகளாக, தூரிகைத் தடமே தெரியாமல் முடிப்பார்கள். சலோன் என்ற பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சிக்கும் வாங்குபவருக்கும் போவது அதுதான். மோர்ட்ஃபோன்டேன் படத்தின் வழவழப்பு இந்த இரண்டாம் வகையின் வழவழப்பு. ஆகவே பதில், இரண்டும்தான்: கண்ணால் பார்த்த இடம், அறைக்குள் முடித்த படம்.

பிதோ இந்த முதல் கட்டத்தில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 1758-இல் தெற்கு பிரான்சின் கார்பாந்த்ராவில் பிறந்தவர். அண்ணனும் நிலக்காட்சி ஓவியர், அவரிடமே முதலில் கற்றார். 1785 முதல் 1790 வரை இத்தாலியில் சுற்றினார். அங்கே காகிதத்தில் செய்த சிறு ஓவியங்களில் ஒன்று, ஃபூச்சினோ ஏரியும் அப்ருஸ்ஸி மலைகளும், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், மோர்ட்ஃபோன்டேனை விட இந்தச் சின்னப் படம் எனக்குப் பல மடங்கு பிடிக்கும். யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாத ஒருவரின் கண் அதில் தெரிகிறது. அந்த ஏரி இன்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுரங்கக் கால்வாய் வெட்டி நீரை வடித்து வயலாக்கிவிட்டார்கள். மோர்ட்ஃபோன்டேனில் மனிதர்கள் சதுப்பைத் தோண்டி ஏரி செய்தார்கள், ஃபூச்சினோவில் ஏரியை வடித்து நிலம் செய்தார்கள், இரண்டையும் ஒரே ஆள் வரைந்திருக்கிறார்.

மனிதர்கள் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஓவியக் கலை அகாடமியின் தரவரிசையில் வரலாற்று ஓவியம் உச்சியில், நிலக்காட்சி கிட்டத்தட்ட அடியில். நிலக்காட்சிக்கு மரியாதை வேண்டும் என்றால் அதற்குள் புராணமோ ரோமானிய வரலாறோ நடக்க வேண்டும். வாலான்சியென்கூட 1787-இல் அகாடமிக்குள் நுழைந்தது ஆர்க்கிமிடீசின் கல்லறையை ரோமானியப் பேச்சாளர் சிசெரோ கண்டுபிடிக்கும் காட்சியை வரைந்துதான். பிதோவின் பூங்காப் படத்தில் சிசெரோ கிடையாது, தேவதைகளும் கிடையாது. அதே காலத்தில் வாழ்ந்தவர்கள் உலாவ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். படத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதை இன்றைக்கு நாம் குறையாகப் பார்க்கிறோம். அன்றைக்கு அது ஓரளவு துணிச்சல். ஓர் இடம் வெறும் இடமாக இருந்தாலே போதும், கதை வேண்டாம் என்ற எண்ணம் மெல்ல உள்ளே வருகிறது. ஆள் சிறுத்தால்தான் மரம் வளரும். அந்தச் சின்ன உருவங்களைக் கையால் மறைத்துப் பாருங்கள், பூங்காவின் அளவு உடனே சுருங்கிவிடும். அவர்கள் அளவுகோல்கள்.

இதே ஆள் பிற்காலத்தில் வில்லனாக மாறினார் என்பது கலை வரலாற்றின் வேடிக்கை. 1823-இல் அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு உருவான புதிய அகாடமியில் நிலக்காட்சி ஓவியர் ஒருவர் உறுப்பினரானது அதுவே முதல் முறை. சலோனில் எந்தப் படம் தொங்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன நடுவர் குழு அகாடமி உறுப்பினர்களால் ஆனது. 1836-இல் தியோதோர் ரூசோ என்ற இளைஞர் (தத்துவ அறிஞர் ரூசோ வேறு, இவர் ஓவியர்) மலையிலிருந்து மாட்டுமந்தை இறங்கும் பெரிய படம் ஒன்றை அனுப்பினார். நிராகரித்தார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் இதே கதைதான். கடைசியில் அவர் அனுப்புவதையே நிறுத்திவிட்டார், ‘பெரும் நிராகரிக்கப்பட்டவர்’ என்ற பட்டப்பெயர் மட்டும் மிச்சம். அந்தக் காலக் கோபத்தில் பிதோவின் பெயர் பழமைவாதத்தின் அடையாளமாகிப் போனது. 1846-இல் அவர் இறந்தபோது ரசனை அவரைத் தாண்டிப் போயிருந்தது. பெட்டிக்குள் கிடந்த இத்தாலியச் சிறு ஓவியங்களுக்கு மதிப்பு வந்ததெல்லாம் 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ரசனை எந்தப் பக்கம் போனது என்பதைப் பார்க்க ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு பூங்காவுக்குப் போக வேண்டும். பாரிஸின் மேற்கே, சேன் நதியின் கரையில் சான் க்ளூ. லெ நோத்ர் வடிவமைத்த அரச பூங்கா, உள்ளே ஒரு மாளிகை. நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியது 1799 நவம்பரில் அந்த மாளிகையின் ஆரஞ்சுத் தோட்டக் கூடத்தில். 1804-இல் பேரரசர் என்று அவரிடம் அறிவிக்கப்பட்டதும் அங்கேதான். 1820களில், அந்த ராஜவீதிகளைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரு பையன் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். பால் ஹுவே, 1803-இல் பிறந்த ஓவியர். சேன் நதியின் நடுவில் இருக்கும் செகான் தீவிலும் சான் க்ளூவின் மரங்களுக்கு அடியிலும் அவர் கற்றுக்கொண்டது எந்த ஆசிரியரின் ஸ்டூடியோவிலும் கற்றதைவிட அதிகம். 1823-இல் அவர் வரைந்த சான் க்ளூவின் எல்ம் மரங்கள் பாரிஸின் பெத்தி பாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருபது வயது ஆளின் படம்.

ஹுவே செய்தது இதுதான்: மனிதன் போட்ட பூங்காவுக்குள் நின்றுகொண்டு, தோட்டக்காரர் போட்டுக்கொடுத்த காட்சிக்கு முதுகைக் காட்டினார். மாளிகை, படிக்கட்டு அருவி, நீண்ட நேர்ச்சாலை எதுவும் வேண்டாம், ஒரு மரத்தின் முறுக்கிய உடம்பும் அதன் மேல் விழும் வெயிலும் போதும். தூரிகைத் தடம் தெரியட்டும். மறு வருடம், 1824 சலோனில், ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டிப் படம் வந்து பாரிஸைக் கலக்கியது, தங்கப் பதக்கமும் வாங்கியது. ஹுவேக்கும் அவர் நண்பரான ஓவியர் டெலக்ருவாவுக்கும் அது, தாங்கள் தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்த வழி சரிதான் என்ற உறுதி. சான் க்ளூவை ஹுவே கடைசிவரை விடவில்லை. 1855-இல் காட்டிய, வெள்ளம் புகுந்த சான் க்ளூ பூங்காவின் பெரிய ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூங்காவைச் செய்தவர்களின் கணக்கையெல்லாம் நதி ஒரே நாளில் அழித்துவிடும் படம் அது. அந்த மாளிகையும் நிலைக்கவில்லை. 1830 ஜூலையில் பத்தாம் சார்ல் தன் ஆட்சியையே கவிழ்த்த அவசரச் சட்டங்களில் அங்கே கையெழுத்திட்டார், அதைத் தொடர்ந்த புரட்சியில் ஹுவேயும் பங்கெடுத்தார். 1870 போரில் மாளிகை எரிந்தது, மிஞ்சிய சுவர்களைப் பின்னர் இடித்தார்கள். இப்போது அங்கே பூங்கா மட்டும்தான்.

மோர்ட்ஃபோன்டேனுக்கு இன்னொருவர் வந்தார், அவரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கமீல் கோரோ, 1796-இல் பிறந்த ஓவியர். அவருடைய முதல் ஆசிரியர் மிஷாலோன், 1817-இல் அந்த நிலக்காட்சிப் பரிசை முதன்முதலாக வென்றவர். மிஷாலோன் 1822-இல் இளம் வயதிலேயே இறந்துபோக, கோரோ அடுத்துப் போனது பெர்த்தானிடம், வாலான்சியெனின் மாணவர். ஆக, கோரோ பிதோவின் எதிர் முகாமில் இருந்து வந்தவர் அல்ல, அதே குடும்பத்தின் பேரப்பிள்ளை. 1850களிலிருந்து அவர் மோர்ட்ஃபோன்டேன் குளங்களுக்குப் போய்வந்தார். 1864-இல் அவர் சலோனில் வைத்த ‘மோர்ட்ஃபோன்டேன் நினைவு’ படத்தை மூன்றாம் நெப்போலியன் அரசுக்காக வாங்கினார், இப்போது லூவரில்.

அதில் வலப்பக்கம் ஒரு பெரிய மரம் இடப்பக்கமாகச் சாய்ந்து பாதிப் படத்தை மூடிக்கொள்கிறது. இடப்பக்கம் ஒல்லியான, ஏறக்குறைய மொட்டையான இன்னொரு மரம், அதை நோக்கிக் கை நீட்டும் ஒரு பெண், பக்கத்தில் இரண்டு குழந்தைகள். நடுவே நீர், அதன் மேல் பனி. க்ளோத் லொரேனின் பழைய திட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது: ஓரத்தில் மரம், நடுவில் நீர், அப்பால் தூரம். ஆனால் பிதோ தெளிவாக எழுதிக் காட்டிய தூரத்தைக் கோரோ கலைத்துவிட்டார். எந்த இலை எந்த மரத்தினுடையது என்று சொல்ல முடியாது. வெள்ளிச் சாம்பல் நிறம் எல்லாவற்றிலும் ஊறியிருக்கிறது. யாருடைய பூங்கா, எந்த வருடம் என்ற கேள்விகளுக்கும் அதில் இடம் இல்லை. பிதோவின் படம் ஒரு சொத்தின் உருவப்படம், எல்லை எதுவரை, மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். ‘நினைவு’ என்று கோரோ பெயர் வைத்ததே தான் எதையும் அளந்து காட்டப் போவதில்லை என்று சொல்லத்தான்.

ஜோசப் போனபார்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நேப்பிள்ஸுக்குப் பிறகு 1808-இல் ஸ்பெயினின் ராஜா, பிறகு தோல்வி. தம்பி கடைசியாக வீழ்ந்த 1815-இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். அங்கே தன்னை சுர்விலியே பிரபு என்று அழைத்துக்கொண்டார். சுர்விலியே என்பது மோர்ட்ஃபோன்டேன் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஊர். நியூ ஜெர்சியில், டெலவேர் ஆற்றங்கரையில், போர்டென்டவுனுக்கு அருகே நிலம் வாங்கி, ஓடையை மறித்து ஏரி வெட்டி, வளைந்த பாதைகள் போட்டு, மறுபடியும் ஒரு பூங்காவை உண்டாக்கினார். மனிதருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. 1820-இல் அவருடைய முதல் வீடு தீயில் எரிந்தபோது பல ஓவியங்களை அக்கம்பக்கத்தார் ஓடிவந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியங்களை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத அந்தக் கால அமெரிக்கர்களுக்கு அவருடைய வீடு ஓர் அருங்காட்சியகம் மாதிரியே இருந்தது.

நண்பருக்கு ஒரு யோசனை. இண்டியானாபொலிஸ் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஃபூச்சினோ ஏரியில் தொடங்கி, அடுத்து மோர்ட்ஃபோன்டேன், அடுத்து ஹுவேயின் எல்ம் மரங்கள், கடைசியில் கோரோ என்று வரிசையாகத் திரையில் திறந்து வையுங்கள். நியூயார்க்கின் ஃப்ரிக் தொகுப்பில் கோரோவின் மோர்ட்ஃபோன்டேன் படகுக்காரர் இருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நேரில் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றினால், ஊருக்கு மிக அருகில் ப்ளெய்யி கிராமத்தில் 1989 முதல் ஆஸ்டெரிக்ஸ் கேளிக்கைப் பூங்கா நடக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். விடுமுறை நாளில் அந்தப் பக்கம் டிராஃபிக் மோசமாக இருக்கும், வார நாளில் போங்கள். கூடவே எர்மெனோன்வில்லையும் அதே நாளில் முடித்துவிடலாம்.